எட்டு சேனல் வேண்டுமா? பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள்

இரண்டு மைக், இரண்டு ஸ்பீக்கர், ஒரு யூஎஸ்பி கேபிள் என்று இருக்கும்வரை ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வாங்குவது பெரிய விஷயமே இல்லை. பெயருள்ள எந்தக் கம்பெனியை எடுத்தாலும் வேலை நடந்துவிடும். சிக்கல் ஆரம்பிப்பது மூன்றாவது மைக்கில். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் எல்லாவற்றையும் தனித்தனி டிராக்கில் பிடிக்க வேண்டும் என்றோ, மேஜையைச் சுற்றி ஆறு ஸ்பீக்கர் நிறுத்தி 5.1 மிக்ஸ் செய்ய வேண்டும் என்றோ ஆசை வந்துவிட்டால் மல்டிசேனல் இன்டர்ஃபேஸ் பக்கம் போய்த்தான் ஆக வேண்டும். அங்கே விலையும் கூடும், குழப்பமும் கூடும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒலித்தரம் இன்று இந்தப் பெட்டிகளில் அநேகமாகத் தீர்ந்துபோன பிரச்சினை. புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது இரண்டு இடத்தில்: சேனல் எண்ணிக்கையில், அப்புறம் பெட்டியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் மென்பொருளான டிரைவரில். ஆனால் கடையிலும் யூடியூபிலும் அதிகம் பேசப்படுவதோ உள்ளே ஒலியை எண்களாக மாற்றும் சிப்பைப் பற்றி. அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன்.

வாங்கத்தான் வேண்டுமா?

படம் பார்க்கவும் கேம் ஆடவும் மட்டும் 5.1 வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். கிராபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐ வழியாக எட்டு சேனல்வரை அமுக்கப்படாத ஒலி போகும். அதை, பல ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்ளிஃபையரான ஏவி ரிசீவர் ஒன்றில் செருகினால் முடிந்தது. பல மதர்போர்டுகளின் பின்னால் கலர் கலராக இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளைகள்கூட 5.1 அல்லது 7.1 தரும். டிவியில் வரும் எஸ்பிடிஃப் ஆப்டிகல் கேபிளை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். அதில் அமுக்கப்படாத ஒலி என்றால் இரண்டு சேனல்தான். 5.1 போக வேண்டுமானால் டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் என்று அமுக்கித்தான் அனுப்ப முடியும்.

இன்னொரு பொறி, ‘யூஎஸ்பி மிக்சர்’. முகப்பில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் பன்னிரண்டு இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் மலிவான மிக்சர்கள் பலவற்றில் கம்ப்யூட்டருக்குப் போவது எல்லாம் கலந்த ஸ்டீரியோ மட்டுமே. மிருதங்கத்தின் சத்தத்தை அப்புறம் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 போன்ற டிஜிட்டல் மிக்சர்கள் வேறு ரகம். 18 சேனலையும் தனித்தனியாக யூஎஸ்பியில் அனுப்பும். எனவே எந்த மிக்சரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: யூஎஸ்பி வழியாக எத்தனை சேனல் உள்ளே, எத்தனை வெளியே?

கடையில் மூன்றாவதாக ஒரு ரகமும் இருக்கும். பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 நல்ல உதாரணம். எட்டு மைக் பிரீஆம்ப் (மைக்கின் சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட்), எட்டு அனலாக் அவுட், ரேக்கில் பூட்டும் அளவு. விலையைப் பார்த்தால் வாய் பிளக்கத் தோன்றும். ஆனால் அதில் யூஎஸ்பி கிடையாது. ஏடாட் ஆப்டிகல் துளை (ஒரே ஆப்டிகல் கேபிளில் எட்டு சேனல் போகும் இணைப்பு) உள்ள இன்னொரு இன்டர்ஃபேஸ் ஏற்கெனவே இருந்தால்தான் அது கம்ப்யூட்டரோடு பேசும். ஒலியை எண்களாகவும் எண்களை ஒலியாகவும் மாற்றும் கன்வெர்ட்டர் மட்டும் என்பது வேறு, இன்டர்ஃபேஸ் என்பது வேறு. முதல் பெட்டியாக வாங்குபவருக்குத் தேவை இரண்டாவது.

ஒயர்களை எண்ணுங்கள்

விலைப்பட்டியலைத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். எந்த ஒயர் எங்கிருந்து எங்கே போகும் என்று எழுதுங்கள். வீட்டு ஹாலில் ஒரு சிறிய கச்சேரியைப் பதிவு செய்வதாக வைத்துக்கொள்வோம்.

பாடுபவருக்கு ஒரு மைக். வயலினுக்கு ஒன்று. மிருதங்கத்துக்கு இரண்டு, வலந்தலைக்கும் தொப்பிக்கும் குணமே வேறு, ஒரே மைக்கில் பிடித்தால் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். கடம் அல்லது கஞ்சிராவுக்கு ஒன்று. ஆக, ஐந்து மைக். எலெக்ட்ரானிக் தம்புரா பெட்டியை நேரடியாகச் செருகினால் ஒரு லைன் இன்புட் (மைக்கைவிடப் பெரிய சிக்னலுக்கான துளை). அறையின் ஒலியைப் பிடிக்கச் சற்றுத் தள்ளி இரண்டு மைக் வைத்தால் மொத்தம் எட்டு, அதில் ஏழு மைக்.

இந்த ‘அதில் ஏழு மைக்’ என்பதுதான் முக்கியம். எட்டு அனலாக் இன்புட் உள்ள பெட்டியில் எட்டு மைக் செருகலாம் என்று அர்த்தம் இல்லை. மைக்கின் சிக்னல் மிகச் சிறியது. அதற்கு பிரீஆம்ப் வேண்டும். பிரீஆம்ப் இல்லாத லைன் இன்புட்டில் மைக்கைச் செருகினால் முனகல்தான் கேட்கும். வயலினில் ஒட்டும் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு: அதற்கு ஹை-இசட் எனப்படும் இன்ஸ்ட்ரூமென்ட் இன்புட் வேண்டும். எட்டு சேனல் பெட்டிகளில்கூட இது பெரும்பாலும் முதல் இரண்டு இன்புட்டில் மட்டும்தான் இருக்கும்.

வெளியே போகும் ஒயர்களையும் இதேபோல் எழுதுங்கள். ஸ்டீரியோ ஸ்பீக்கர் இரண்டு, பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் தனித்தனி கலவையில் ஹெட்போன் என்றால் நான்கு, ஆக ஆறு. 5.1 என்றால் ஸ்பீக்கருக்கே ஆறு, 7.1 என்றால் எட்டு.

18ஐ20 என்றால் இருபது துளை அல்ல

இப்போது பெட்டியின் பெயரைப் படிக்கலாம். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20, மூன்றாம் தலைமுறை. 18 உள்ளே, 20 வெளியே. எட்டு மைக் வைக்கப்போகிறவருக்கு 18 என்பது தாராளமாகத் தோன்றும். பிரித்துப் பாருங்கள்: அனலாக் இன்புட் எட்டு, ஏடாட் ஆப்டிகல் எட்டு, எஸ்பிடிஃப் இரண்டு. கூட்டினால் 18. அதாவது கையில் மைக் கேபிளை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு இது எட்டு சேனல் பெட்டி. வெளியேயும் அப்படித்தான்: லைன் அவுட் பத்து, ஏடாட் எட்டு, எஸ்பிடிஃப் இரண்டு. அந்தப் பத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. முன்பக்க ஹெட்போன் துளைகள் இரண்டும் தனிச் சேனல் அல்ல. 7-8, 9-10 லைன் அவுட்களில் போவதுதான் அவற்றிலும் கேட்கும். 5.1-க்கு ஆறு அவுட்டை எடுத்துக்கொண்டால் ஹெட்போனுக்கு இடம் மிஞ்சும். 7.1-க்கு எட்டை எடுத்தால் ஒரு ஹெட்போன் ஸ்பீக்கரோடு மாட்டிக்கொள்ளும்.

பக்கத்தில் மோட்டு அல்ட்ராலைட் எம்கே5-ஐ வையுங்கள். பெயருக்குப் பக்கத்தில் 18 உள்ளே, 22 வெளியே என்று போட்டிருப்பார்கள். ஏறக்குறைய அதே எண்கள். ஆனால் மைக் பிரீஆம்ப் இரண்டே இரண்டு. மீதி ஆறு அனலாக் இன்புட்டும் லைன். வெளியே பத்து லைன் அவுட், அதோடு ஹெட்போனுக்குத் தனியாக ஒரு ஸ்டீரியோ ஜோடி. கச்சேரி பதிவு செய்பவர் இதை வாங்கினால் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆறு ஸ்பீக்கரும் இரண்டு மூன்று சிந்தசைசரும் வைத்து வேலை செய்பவருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருக்கும். பெயரில் உள்ள எண்களை மட்டும் ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. எந்தப் பெட்டியாக இருந்தாலும் பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கி, தாளில் எழுதிய ஒவ்வொரு ஒயரையும் ஒவ்வொரு துளைக்கு ஒதுக்கிப் பாருங்கள். ஒயர் மிஞ்சினால் அந்தப் பெட்டி வேண்டாம்.

எதிர்காலத்துக்கு ஒரு ஏடாட் துளை

பட்ஜெட் இடித்தால், எட்டு மைக் பெட்டியை இன்றே வாங்க வேண்டியதில்லை. நாலு மைக் பிரீஆம்பும் ஏடாட் இன்புட்டும் உள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, தேவை வரும்போது ஏடிஏ8200 மாதிரி ஒன்றைச் சேர்க்கலாம். டிவி ஆப்டிகல் கேபிள் எதுவோ, இதற்கும் அதே கேபிள்தான். ஆனால் அதற்குள் ஓடும் மொழி வேறு என்பதால் எஸ்பிடிஃப்பில் இரண்டு சேனல் போகும் அதே ஒளியிழையில் ஏடாட் எட்டு சேனலை அனுப்பும். 1991-ல் அலெசிஸ் நிறுவனம் எஸ்-விஎச்எஸ் வீடியோ கேசட்டில் எட்டு டிராக் பதியும் ரெக்கார்டர் ஒன்றை அறிமுகம் செய்தது. அதற்காகச் செய்த இணைப்பு இது. ரெக்கார்டர் மியூசியத்துக்குப் போய்விட்டது, துளை மட்டும் இன்றும் புதுப் பெட்டிகளில் வந்துகொண்டிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, எட்டு சேனல் என்பது சாம்பிள் ரேட் (ஒலியை வினாடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்) 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸாக இருக்கும்போதுதான். 96-க்குப் போனால் நான்காகும், 192-ல் இரண்டாகும். ஏடிஏ8200 போன்றவை 48-க்கு மேல் போகவே போகாது. இரண்டாவது, கிளாக்: ஒலியை அளக்கும் தாளத்தைப் பிடித்துவைக்கும் உள்கடிகாரம். இரண்டு பெட்டியும் தன் தன் கடிகாரத்தில் ஓடினால் பதிவில் அங்கங்கே ‘டிக் டிக்’ என்று வெடிக்கும். ஒன்றை மாஸ்டராக வைத்து, மற்றது அதன் கிளாக்கைப் பின்பற்றும்படி அமைக்க வேண்டும். சுலபமான வழி: சேர்க்கும் பெட்டியை அதன் சொந்தக் கிளாக்கில் விட்டுவிட்டு, முதன்மை இன்டர்ஃபேஸின் மென்பொருளில் கிளாக் சோர்ஸை ‘ஏடாட்’ என்று மாற்றுங்கள். இரண்டிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும்.

இரண்டு சின்ன ஸ்டீரியோ இன்டர்ஃபேஸ் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாமே என்று பலர் கேட்பார்கள். மேக்கில் அக்ரிகேட் டிவைஸ் என்று ஒட்டவைக்கலாம். விண்டோஸில் ரெக்கார்டிங் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரே ஆசியோ டிரைவரைத்தான் (ரெக்கார்டிங்குக்கான தனி டிரைவர்) ஏற்கும். ஒட்டவைத்தாலும் கிளாக் தகராறு விடாது. தவிர்த்துவிடுங்கள்.

டிரைவர்

விண்டோஸில் ஆசியோ டிரைவர் வேண்டும். ஸ்டெய்ன்பர்க் நிறுவனம் 1997-ல் கொண்டுவந்த ஏற்பாடு அது. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். வாங்கும் முன் தயாரிப்பாளரின் டவுன்லோட் பக்கத்துக்குப் போய், அந்த மாடலுக்குக் கடைசியாக டிரைவர் வந்த தேதியைப் பாருங்கள். உங்கள் விண்டோஸ் பதிப்பின் பெயர் அங்கே இருக்கிறதா என்றும் பாருங்கள். தயாரிப்பாளர் தன் சொந்த ஆசியோ டிரைவர் எதையும் தராமல், பொதுவான இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ளச் சொன்னால், எட்டு சேனல் வேலைக்கு அந்தப் பெட்டியை நான் எடுக்க மாட்டேன். மேக்கிலும் லினக்ஸிலும் பாடு குறைவு: ‘கிளாஸ் கம்ப்ளையண்ட்’ என்று குறிப்பிட்டிருந்தால் செருகியதும் சேனல்கள் தெரியும். ஆனால் பெட்டிக்குள் இருக்கும் மிக்சரை இயக்கும் மென்பொருள் லினக்ஸுக்கு வருமா என்பது தனிக் கேள்வி.

5.1-க்காக வாங்குபவர்கள் விண்டோஸில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பல இன்டர்ஃபேஸ்கள் விண்டோஸிடம் தங்களை 1-2, 3-4, 5-6 என்று தனித்தனி ஸ்டீரியோ ஜோடிகளாகவே அறிமுகப்படுத்திக்கொள்ளும். ரெக்கார்டிங் மென்பொருளில் ஆசியோ வழியாக ஆறு அவுட்டும் ஜோராக வேலை செய்யும். அதே கம்ப்யூட்டரில் வீடியோ பிளேயரைத் திறந்தால் முன்னால் உள்ள இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பேசும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் 5.1 ஸ்பீக்கராகத் தெரியுமா என்று ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ஆறு ஸ்பீக்கரின் சத்தத்தையும் சேர்த்துக் கூட்டிக் குறைப்பது எப்படி என்பதையும் இப்போதே கேளுங்கள். முன்பக்கத்தில் இருக்கும் பெரிய குமிழ் பெரும்பாலும் 1-2 அவுட்டுக்கு மட்டும்தான். மென்பொருளில் ஆறையும் அதனோடு கட்ட முடிந்தால் நிம்மதி. முடியாவிட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் போய்த் திருக வேண்டியதுதான்.

யூஎஸ்பி-சி என்றதும் வேகம் என்று நினைக்க வேண்டாம். அது செருகியின் வடிவம் மட்டுமே. அந்தத் துளை உள்ள பல பெட்டிகள் உள்ளே யூஎஸ்பி 2.0 தான். அது குறையும் இல்லை. எட்டு சேனல், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 9.2 மெகாபிட், யூஎஸ்பி 2.0-வின் அளவு 480. பழைய ஃபயர்வயர் பெட்டிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும், ஒலியும் நன்றாக இருக்கும். ஆனால் இன்றைய லேப்டாப்பில் அந்தத் துளையே இல்லை. புதியவருக்கு அந்த வம்பு வேண்டாம்.

லேட்டன்சி

ஒலி உள்ளே போய் ஹெட்போனில் திரும்பி வர ஆகும் நேரம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் (கம்ப்யூட்டர் ஒரே தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலித்துண்டு) என்றால் 2.7 மில்லிசெகண்ட், 512 என்றால் 10.7. இது ஒரு பக்கக் கணக்கு. போக, வர, நடுவில் கன்வெர்ட்டர், டிரைவர் எல்லாம் சேர்ந்து கூடும். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் போகும். ஒன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரருக்குப் பாடுபவரின் குரல் நாலு மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகத்தான் கேட்கிறது. யாரும் புகார் சொல்வதில்லை. எனவே மொத்தம் பத்துக்குள் இருந்தால் போதும். அதற்கும் மேலாக, டைரக்ட் மானிட்டரிங் உள்ள பெட்டியில் மைக் ஒலி கம்ப்யூட்டருக்குப் போகாமலே ஹெட்போனுக்குத் திரும்பிவிடும். பலர் ஒன்றாக வாசிப்பதைப் பதிவு செய்ய அது அவசியம்.

சிப்பும் எண்களும்

24 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவே ஏட்டளவில் 144 டெசிபெல் இடம் உண்டு. நிஜத்தில் நல்ல பெட்டிகள் பெரும்பாலும் 110 முதல் 125-க்குள் நிற்கும். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் ஹாலில் 110-ஐ எட்டவே வழியில்லை. 2020 அக்டோபரில் ஜப்பானில் கன்வெர்ட்டர் சிப் செய்யும் ஏகேஎம் கம்பெனியின் தொழிற்சாலை தீப்பற்றியது. சிப் தட்டுப்பாட்டில் பல கம்பெனிகள் வேறு சிப்புக்கு மாறி, சர்க்யூட்டைத் திருத்தி விற்றன. சிப் மாறியதால் யாருடைய பாட்டும் கெட்டுப்போகவில்லை.

பார்க்க வேண்டிய எண் என்று சொன்னால், மைக் பிரீஆம்ப் தானே சேர்க்கும் இரைச்சலின் அளவான ஈஐஎன்னைச் சொல்வேன். மைனஸ் 127 டிபியு அல்லது அதற்கும் கீழே இருந்தால் நல்லது. டைனமிக் மைக்கில் மெல்லப் பாடுபவரைப் பிடிக்க 60 டெசிபெல்வரை கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) தேவைப்படும். கண்டன்சர் மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் பேண்டம் பவர் ஒவ்வொரு மைக்குக்கும் தனியாகவா, நான்கு நான்காகவா என்றும் பாருங்கள். நான்காக இருந்தால், அந்தக் கரன்ட் கெடுத்துவிடக்கூடிய ரிப்பன் மைக்கைக் கண்டன்சர் மைக்குகளின் கூட்டத்தில் செருகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாம்பிள் ரேட் 48 போதும். 192 என்று பெட்டியில் போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

கரன்ட்

எட்டு பிரீஆம்ப் உள்ள பெட்டிக்குத் தனி அடாப்டரோ பவர் கார்டோ வரும். யூஎஸ்பி கரன்ட் அதற்குப் பற்றாது. ஸ்பீக்கரில் ‘உம்ம்’ என்று இரைந்தால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றால் எர்த் லூப், அதாவது ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த் ஆவதால் வரும் இரைச்சல். எல்லாவற்றையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகி, ஸ்பீக்கருக்கு இரைச்சலைக் குறைக்கும் பேலன்ஸ்டு டிஆர்எஸ் கேபிள் போட்டால் பெரும்பாலும் அடங்கும். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் ஒடிக்காதீர்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் கரன்ட் போனதும் புது இரைச்சல் கிளம்பும். பெட்டியைக் குறை சொல்லும் முன் மெயின் கரன்ட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வந்த அன்றே சோதியுங்கள்

பேண்டம் பவரை அணைத்து, ஸ்பீக்கரின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, ஒரு டிஆர்எஸ் கேபிளை லைன் அவுட் 3-லிருந்து இன்புட் 1-க்குப் போடுங்கள். ரெக்கார்டிங் மென்பொருளில் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மைனஸ் 20 டெசிபெல் அளவில் அவுட் 3-க்கு அனுப்பி, இன்புட் 1-ஐப் புதிய டிராக்கில் பதியுங்கள். அந்த டிராக்கின் மானிட்டரிங்கும் பெட்டியின் டைரக்ட் மானிட்டரிங்கும் அணைந்திருக்கட்டும். இல்லையென்றால் ஒலி சுற்றிச் சுற்றி ஊளையிடும். பதிந்த டோன் சுத்தமாக இருந்தால் கேபிளை இன்புட் 2-க்கு மாற்றுங்கள். இப்படி எட்டும். பிறகு இன்புட்டை அசைக்காமல் அவுட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அரை மணி நேர வேலை. லைன் பாதை இதில் தெரிந்துவிடும். பிரீஆம்பைச் சோதிக்க ஒரே மைக்கை, ஒரே கெயினில், எட்டு எக்ஸ்எல்ஆர் மைக் துளையிலும் மாற்றி மாற்றிச் செருகி இரைச்சலை ஒப்பிடுங்கள்.

அன்று இரவே எட்டு டிராக்கையும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் 4.1 ஜிபி பிடிக்கும். நடுவில் வெடிப்பு கேட்டால் விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். பல நேரம் மாட்டுவது வைஃபை டிரைவராக இருக்கும். அதை அணைத்தும் நிற்காவிட்டால் யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடியாக வேறு துளையில் செருகிப் பாருங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதுதான் வழி.

கடைக்காரர் மாற்றித் தரும் காலம் எத்தனை நாள் என்று பில்லிலேயே இருக்கும். இந்தச் சோதனை எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். முதலில் இரண்டு மைக்கோடு பழகிவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், ஏழாவது இன்புட் செத்த விஷயம் முதல் கச்சேரிப் பதிவன்றுதான் தெரியவரும். அதற்குள் அந்தத் தேதி கடந்து போயிருக்கும். மாற்றித் தரச் சொல்லிக் கடைக்குப் போக முடியாது, வாரண்டியில் சர்வீஸ் சென்டரைத்தான் தேடிப் போக வேண்டும்.